ஏணியாக நிற்பவர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்திருந்தான். இப்பொழுது மருத்துவபீடத்தில் மூன்றாம் ஆண்டிற் பயில்கின்றான். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தவாறு நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "சேர், படிப்பை விட்டிடலாமோ எண்டு யோசிக்கிறன்" என்றான்.

காரணம் வினவினேன். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகளாயின. அக்காள் தையல் இயந்திரத்தின் முன்னிருந்து குடும்பத்தைத் தாங்குகின்றாள். அவனுடைய விடுதிச் செலவும் புத்தகச் செலவும் அவள் கையுழைப்பிலிருந்தே வருகின்றன. அண்மையில் வந்த நல்லதொரு கலியாணப் பேச்சையும், "தம்பி படிச்சு முடியட்டும்" என்று கூறி அவள் தட்டிக்கழித்துவிட்டாளாம். "அக்காவின்ரை வாழ்க்கையிலை ஏறி நிண்டு நான் டொக்டராக வேணுமோ, சேர்?" என்று கேட்டுத் தலைகுனிந்தான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பெருங்கனவு ஒன்றை நாடிச் செல்பவன் உறக்கத்தையும் உல்லாசத்தையும் துறக்கவேண்டும் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் நாம் முழங்குகின்றோம். அவனுக்காக வீட்டிலுள்ளவர்கள் துறப்பவற்றை எவரும் மேடையேற்றுவதில்லை. ஆயினும் அன்று எனக்கு ஒரு பெண்மணியின் வரலாறு நினைவில் எழுந்தது. அதனையே அவனுக்குக் கூறினேன்.

மேரி கியூரி அம்மையாரை அறியாத மாணாக்கர் இலர். 1903ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கும் 1911ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கும் நோபெல் பரிசு பெற்றவர் அவர். ஆனால் அவர் பாரிஸ் நகரை அடைந்த வரலாற்றைப் பலர் அறியார். 1867ஆம் ஆண்டில் வார்சோ நகரிற் பிறந்தவர். பத்து வயதிலே தாயை இழந்தார். தந்தையார் ஆசிரியர், வருவாயோ சொற்பம். அந்நாளில் போலந்து றஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. வார்சோப் பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கு இடமில்லை. மேரிக்கும், தமக்கையாராகிய புரோன்யாவுக்கும் பாரிசிற் பயிலவேண்டுமென்பதே ஆசை. இருவரையும் அனுப்பப் பணம் ஏது?

சகோதரிகள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். முதலில் தமக்கை சென்று மருத்துவம் பயில்வது. தங்கை உழைத்துப் பணம் அனுப்புவது. தமக்கை தேறியதும் தங்கையை அழைத்துக்கொள்வது. அவ்வாறே 1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேரி நாட்டுப்புறத்துச் செல்வர் வீடொன்றிற் பிள்ளைகளுக்கு ஆசிரியையாய் அமர்ந்தார். சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி பாரிசுக்குச் சென்றது. அவ்வீட்டின் மூத்த மகனுக்கும் மேரிக்கும் காதல் மலர்ந்தது. ஏழை ஆசிரியை மருமகளாவதா என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். அந்த அவமதிப்பின் பின்னரும் மேரி அவ்வீட்டைவிட்டு வெளியேறவில்லை. பல மாதங்கள் அங்கேயே பணிபுரிந்தார். தமக்கையின் படிப்பு முடிந்திருக்கவில்லை என்பதே காரணம்.

1891ஆம் ஆண்டில் அவர் முறை வந்தது, வயது 24. முதலில் தமக்கையார் இல்லத்தில் தங்கினார். பின்னர் பல்கலைக்கழகத்தை அண்மிய மாடத்தறை ஒன்றுக்குச் சென்றார். குளிரில் நடுங்கி, உண்ணவும் மறந்து, ஒருநாள் மயங்கி வீழ்ந்தார். தமக்கையின் கணவர் விரைந்து வந்து தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவூட்டித் தேற்றவேண்டியதாயிற்று. 1893ஆம் ஆண்டிற் பௌதிகத் தேர்வில் முதலாமவராகவும், மறு ஆண்டிற் கணிதத் தேர்வில் இரண்டாமவராகவும் தேறினார். அக்காலத்தில் தமக்குக் கிடைத்த 600 ரூபிள் உதவிப்பணத்தைத் தம் முதல் உழைப்பிலிருந்து அவர் திருப்பிச் செலுத்தினார். திருப்பித் தரவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. தம்மைப் போன்ற இன்னொரு பெண்ணுக்கு அப்பணம் உதவட்டும் என்பதே அவர் கருத்து.

எனினும் எல்லாக் கடனும் தீர்ந்துவிடவில்லை. படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பித் தந்தையாருடன் வாழ எண்ணியிருந்தார். பியேர் கியூரியுடன் திருமணமும் ஆராய்ச்சியும் அவரைப் பாரிசிலேயே நிறுத்திவிட்டன. 1902ஆம் ஆண்டில், தொன்கணக்கான கனிமத்தைக் காய்ச்சி வடித்து ஒரு கிராமின் பத்திலொரு பங்கு றேடியம் உப்பைப் பிரித்தெடுத்த அதே ஆண்டில், தந்தையார் மறைந்தார். மகள் வார்சோவை அடைவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மூடிய பேழையைத் திறக்கச் செய்து, அம்முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு அழுதார் என்று அவருடைய மகள் எழுதிய வரலாறு கூறுகின்றது.

இக்கதையைக் கேட்ட என் மாணாக்கன், "அப்ப, அவ போனது பிழையோ சேர்?" என்றான்.

பிழையன்று. ஆனால் சகோதரிகள் செய்ததை நாம் கவனிக்க வேண்டும். அவர்களுடைய தியாகம் வாய்திறந்து பேசப்பட்டது. அதற்கு ஓர் எல்லை இருந்தது. ஒருத்தியின் கனவுக்காக மற்றவள் கனவு அழிக்கப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. பிற்காலத்தில் மேரியின் எண்ணப்படி வார்சோவில் றேடியம் நிலையம் ஒன்று எழுந்தபோது அதற்காக முன்னின்று உழைத்தவர் அதே தமக்கையார். 1932ஆம் ஆண்டில் அது திறந்துவைக்கப்பட்டது.

நம் வீடுகளில் நிகழ்வது வேறு. இங்கே தியாகம் பேசாமலே செய்யப்படுகின்றது, பேசாமலே பெறப்படுகின்றது. என் சொந்தக் கதையும் அதுவே. நான் பட்டதாரியாவதற்காக என் தமையனார் பள்ளிக்கூடத்தை விட்டுப் புகையிலைத் தோட்டத்தில் இறங்கினார். அவருக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே நான் நம்பியிருந்தேன். அவ்வாறு நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஒருநாள், என் மகனுக்குக் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்து பார்த்த தமையனார், "எனக்கும் கணக்கெண்டால் உயிர். நீ ஒருநாளும் கேக்கேல்லை" என்றார். அவர் சொல்லிற் கோபம் இல்லை. அதனாலேயே அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆதலால் என் மாணாக்கனிடம் மூன்று காரியங்களைக் கூறினேன். முதலாவது, படிப்பை விடாதே. நீ விட்டால் அக்காள் இதுவரை இழந்ததும் வீணாகும். இரண்டாவது, பட்டினி கிடந்து உடலைக் கெடுப்பதைத் தியாகமென்று எண்ணாதே. நீ நோயிற் படுத்தால் அந்தச் சுமையும் அவள் தலைமேலேதான் விழும். மூன்றாவது, இன்றே வீட்டுக்குப் போய் அவளுக்கு என்ன ஆசை என்று கேள். நீயாக ஒன்றை முடிவு செய்யாதே.

நேற்று அவனிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் கலியாணப் பேச்சில் அக்காளுக்கு மனம் இருக்கவில்லையாம். பாலர் பாடசாலை ஆசிரியையாவதற்குப் பயிற்சி பெறவேண்டுமென்பதே அவள் ஆசையாம். அதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லையாம். விடுமுறைகளில் மாணவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து அப்பயிற்சிக்கு வேண்டிய பணத்தைச் சேர்ப்பதாக அவன் எழுதியிருந்தான். அது எவ்வளவு தூரம் கைகூடும் என்பதை நான் அறியேன். ஆனால் இப்பொழுது அவ்வீட்டில் இரண்டு கனவுகள் பேசப்படுகின்றன.

ஏறுபவன் ஏணியை உதைக்கலாகாது என்பதை யாவரும் அறிவோம். ஏணியாக நிற்பவருக்கும் ஏறவேண்டுமென்ற ஆசை இருந்திருக்கும் என்பதையே மறந்துவிடுகின்றோம். இதனை வாசிக்கும் மாணாக்கர், இன்று பகல் உணவுக்கு அமரும்போது, எதிரே இருப்பவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பார்களாக.