தசைக்குக் கடிகாரம் தெரியுமா?

பெரம்பலூரில் என்னிடம் படிக்கும் கபடி வீரன் ஒருவன், மாலைப் பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு விடுதிக்கு ஓடுவான். அரை மணி நேரத்துக்குள் புரதப் பொடியைக் கரைத்துக் குடிக்காவிட்டால் பயிற்சியே வீண் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "டீ, சார்" என்றான். நான் இயற்பியல் ஆசிரியன்தான். என்றாலும் கணக்கு உதைக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

தசை, கட்டி முடித்த சுவர் அன்று. ஒரு பக்கம் இடிந்துகொண்டும் மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பது. உண்ட புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து இரத்தத்தில் கலந்ததும் கட்டும் வேலை விரைவுபெறுகிறது. உடற்பயிற்சி அதை மேலும் தூண்டுகிறது; அத்தூண்டுதல் அரை மணியில் அணைந்துவிடுவதில்லை, மறுநாள் வரைகூட நீடிக்கிறது.

ஒரு வேளைக்கு 20, 25 கிராமுக்கு மேல் புரதம் உண்டால் பயனில்லை என்றும் நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள், பயிற்சி முடித்த இளைஞர்களில் சிலருக்கு 25 கிராமும் சிலருக்கு 100 கிராமும் பால் புரதம் கொடுத்து 12 மணி நேரம் கவனித்தார்கள். 100 கிராம் உண்டவர்களின் தசையில் கட்டும் வேலை அதிகமாகவும் நெடுநேரமும் நடந்தது. ஆனால் 2014-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இரவில் குவித்து உண்பதைவிட மூன்று வேளையும் சமமாகப் பிரித்து உண்டபோது தசைப் புரத உற்பத்தி 25 சதவீதம் கூடியது. அதில் கலந்துகொண்டவர்கள் 8 பேர்தாம். இரண்டுமே வளர்ந்தவர்களிடம் செய்தவை. என்னைக் கேட்டால், நாளின் மொத்தமே முதல் கணக்கு. நேரமெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

அந்த மொத்தம் எவ்வளவு? 13 முதல் 15 வயது வரை சிறுவனுக்கு நாளொன்றுக்கு 45 கிராம், சிறுமிக்கு 43 கிராம் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்தது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு பிடி நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பேருந்தைப் பிடிப்பவர், மற்ற இரு வேளைச் சோற்றில் 45-ஐ எப்படி எட்டுவார்? போதிய உணவில்லையென்றால் உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். கட்டுவதற்கு என்ன மிஞ்சும்?

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்காக ஏற்பட்டது. உடல் மளமளவென்று வளரும் வயது அதற்குப் பிறகல்லவா வருகிறது? உயர்நிலைப் பள்ளியிலும் காலையில் அடுப்பு எரிய வேண்டும். பொங்கலோடு கொஞ்சம் சுண்டலும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பொடி டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று என் மாணவனைக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.