தரையில் ஓட்டத் தெரிந்தவரே விமானி!

பெரம்பலூரிலோ அரியலூரிலோ விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். ஆனாலும், "என் மகன் விமானி ஆக வேண்டும்", "என் மகள் விமானம் ஓட்ட வேண்டும்" என்று ஆசைப்படும் பெற்றோர் இங்கேயும் உண்டு. நல்ல ஆசைதான். அதற்காக நிலத்தை விற்கவும் சிலர் துணிகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை.

வானத்தில் பறப்பது மட்டும் வித்தை அல்ல. விமானத்தைத் தரையில் ஓட்டுவதும் வித்தைதான்.

வால் சக்கரம்

இன்றைய பயிற்சி விமானங்கள் பெரும்பாலானவற்றில் மூக்கின் கீழே ஒரு சக்கரம் இருக்கும். அந்தக் காலத்து விமானங்கள் வேறு மாதிரி. முன்னால் 2 பெரிய சக்கரங்கள். வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம்.

பெங்களூரில் டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 விமானம் 1951-ம் ஆண்டு பறந்தது. 1958-ல் புஷ்பக் பறந்தது. இரண்டும் வால் சக்கர விமானங்களே. நம் நாட்டு விமானிகள் பலர் இவற்றில்தான் பழகினார்கள்.

கரும்பு டிராக்டர்

இதை ஓட்டுவதில் என்ன கஷ்டம்? கரும்பு டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டியவர்களைக் கேளுங்கள். முன்னே போகும்போது டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வரும். பின்னே தள்ளினால், சிறிது கோணினால் போதும். கோணல் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் டிரெய்லர் குறுக்கே மடங்கி நிற்கும்.

வால் சக்கர விமானமும் அப்படித்தான். அதன் பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு சற்றுத் திரும்பினாலும், அந்தப் பாரம் முன்னே வரப் பார்க்கும். விமானம் பம்பரம் போலச் சுழன்றுவிடும். இறக்கை தரையில் இடிக்கும்.

மூக்கு உயர்ந்து நிற்பதால் எதிரே உள்ளதும் தெரியாது. பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டிப் பார்த்துத்தான் போக வேண்டும். பக்கக் காற்று அடித்தால் அது வேறு தொல்லை.

மருந்து என்ன?

கோணல் சிறிதாக இருக்கும்போதே, காலால் சுக்கான் மிதியை மிதித்துத் திருத்த வேண்டும். திருத்தியதும் காலைத் தளர்த்த வேண்டும். பயந்துபோய் ஓங்கி மிதித்தால் விமானம் மறுபக்கம் சுற்றும். பதறாத காரியம் சிதறாது. இறங்கிவிட்டோம் என்று நிம்மதி கொள்ளவும் கூடாது. விமானம் நின்று, என்ஜின் அணையும் வரை கவனம் வேண்டும்.

"பழைய விமானம் இப்போது எதற்கு? வீண் செலவு!" என்று சிலர் சொல்லலாம். வீண் அல்ல. பக்கக் காற்று மூக்குச் சக்கர விமானத்தையும் தள்ளத்தான் செய்யும். வால் சக்கரத்தில் பழகிய கால் தூங்காது. தொழில்முறை விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 5 மணி நேரமாவது வால் சக்கர விமானத்தில் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் அப்படி ஒரு விமானம் வைத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே! பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். "தரையில் ஓட்ட எப்படிப் பழக்குவீர்கள்?" என்று கேளுங்கள். பொறுமையாக விளக்கினால் பிள்ளையைச் சேருங்கள். சீருடையையும் சம்பளத்தையும் பற்றி மட்டுமே பேசினால், நிலத்தை விற்பதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்!