செங்கற்சூளையில் ஒரு பாட்டு



பாட்டைக் கேட்பது என்னும் வழக்குப் போய்ப் பாட்டைப் பார்ப்பது என்றாகி நெடுநாளாயிற்று. ஊரில் இருந்தபோது வெள்ளிக்கிழமை தோறும் 'ஒளியும் ஒலியும்' காண அண்டை வீட்டில் இடம் பிடித்த நினைவு நம் வாசகருள் மூத்தோர்க்கு இருக்கும். இன்று அதற்குக் கைப்பேசி ஒன்றே போதும்.

சென்ற வாரம் நம் மகன் அத்தகைய காட்சி ஒன்றைக் காட்டினான். 2021 ஜூலைத் திங்களில், நடிகர் சூரியாவின் பிறந்த நாளையொட்டி, இத்திருவனந்தபுரத்துச் செங்கற்சூளைக் குடியிருப்பின் சிறுவரும் இளைஞரும் எடுத்தது அது. 2009-இல் வெளிவந்த 'அயன்' படத்தில், ஹாரிஸ் ஜெயராஜ் இசையில், ஹரிஹரன் பாடிய பாட்டு ஒன்றைக் காட்சிக்குக் காட்சி அப்படியே ஆடி நடித்துக் கைப்பேசியிலேயே படம் பிடித்திருந்தனர். அந்நாளில் அது நாடெங்கும் பரவியது. சூரியாவே கண்டு பாராட்டினார். நாம் மட்டும் காணத் தவறியிருந்தோம்.

அன்று மாலை, ஊடகவியல் பயிலும் நம் தமக்கை மகள் வீட்டிற்கு வந்திருந்தாள். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய நமக்கு அவள் ஒரு பாடமே நடத்திவிட்டாள். ஆண்ட்ரூ குட்வின் என்பார் 1992-இல் எழுதிய நூலில் இசைக்காட்சிகளை ஆராயச் சில விதிகளை வகுத்துள்ளாராம். பாட்டின் சொல்லைப் படம் அப்படியே விளக்கலாம், மிகுத்துக் காட்டலாம், அதனின்று விலகியும் போகலாம். தாளம் விழும் இடத்தில் காட்சி மாறும். முன்னர் வந்த படங்களின் சாயல் அதில் இருக்கும். யாவற்றினும் மேலாக, இசைத்தட்டு விற்கும் நிறுவனம் பாடுவோரின் முகத்தை அண்மையில் காட்டச் சொல்லும்; விலை போகும் சரக்கு அம்முகமே அன்றோ! லாரா மல்வி என்னும் அம்மையார் 1975-இல் எழுப்பிய வினா ஒன்றையும் சேர்த்துக் கூறினாள்: பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்பது.

"மாமா, யார் முகம் அண்மையில் வருகிறது என்று மட்டும் பாருங்கள்" என்றாள்.

பார்த்தோம். மேல்நாட்டு விதி இங்கே சற்றே தடுமாறுகிறது. நம் படங்களில் பாடுபவர் முகம் தெரிவதில்லை. குரல் ஹரிஹரனுடையது, முகம் சூரியாவினுடையது. பின்னணிப் பாட்டு என்னும் இவ்வழக்கம் நமக்கு எத்துணைப் பழகிவிட்டதென்றால், அதில் வியப்பொன்றும் தோன்றுவதில்லை. ஆனால் சூரியாவே இரவல் குரலுக்கு வாயசைத்தவர் எனில், அதே குரலைச் செங்கற்சூளைச் சிறுவன் இரவல் பெறுவதில் என்ன குறை? அவனும் முறையாகவே பெற்றான். பிறரைப் பார்த்து ஆடியது என்று இகழ்வோர்க்கு நம் விடை இதுவே. நாயகனுக்கென வகுத்த அண்மைக் காட்சியில் அவன் முகம் வந்து நிற்கிறது. அம்முகத்தின் பின்னே அவன் வாழும் குடியிருப்பே தெரிகிறது.

அக்குடியிருப்பைப் பற்றி ஒரு சொல். அரசுத் தலைமைச் செயலகத்தைக் கட்டச் செங்கல் சுட்ட இடம் அது என்பர். பெயரும் அதனாலேயே வந்ததாம். அப்பெயர் சொன்னாலே மக்கள் முகம் சுளிக்கின்றனர் என்பதால் பின்னர் ராஜாஜி நகர் என மாற்றினர். ஆயினும் முகவரியைக் கண்டு ஆளை அளக்கும் வழக்கம் மாறவில்லை. 'பாண்டி' என்னும் ஒரு சொல்லாலே நம்மையும் இங்குச் சிலர் அளந்ததுண்டு. மலையாளப் படங்களில் தமிழன் வரும் காட்சிகளைக் கண்டு நாம் மனம் புழுங்கியதும் உண்டு. அப்போதெல்லாம் படக்கருவி பிறர் கையில் இருந்தது.

'அயன்' படத்தை இயக்கிய கே. வி. ஆனந்த், 1994-இல் வெளிவந்த 'தேன்மாவின் கொம்பத்து' என்னும் மலையாளப் படத்தின் ஒளிப்பதிவிற்குத் தேசிய விருது பெற்றவர். தமிழ்க் கண்ணொன்று மலையாளக் கதையைப் பார்த்த பார்வை அது. 2021 ஏப்ரல் 30 அன்று அவர் காலமானார். இச்சிறுவர் ஆக்கிய காட்சியைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

தமக்கை மகளின் விதிகளுள் ஒன்று மட்டும் நம்மை இன்னும் உறுத்துகிறது. நட்சத்திரத்தைப் போல ஆடியதால்தானே இவர்களை நாடு திரும்பிப் பார்த்தது? தம் கதையைத் தம் சொல்லிலேயே பாடியிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பர்? அவளிடம் கேட்டோம். அவளும் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

அவ்வேளையில் மகன் இடையிட்டான்: "அப்பா, அந்தப் பக்கம் போகாதே என்று நீங்கள் சொன்ன இடம் இதுதானே?"

ஆம், நாமே சொன்னோம். இந்நகருக்கு மாற்றலாகி வந்த புதிதில், யாரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னோம். தம்பானூர் நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ள அவ்விடத்தை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நாம் சென்று கண்டதில்லை. வரும் ஞாயிறன்று அழைத்துப் போகுமாறு கேட்டிருக்கிறான். நமக்கு அன்று இரவுப் பணி. பகலில் போய்வரலாம் என்று சொல்லியிருக்கிறோம்.