பாட்டுக்கும் அரைப்பேரா?

கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்பது தேயிலைத் தோட்டத்து நடைமுறை. குறித்த கிலோ வராத நாளில் பாதிச் சம்பளம்தான். ஆனாலும் தராசு கண்முன்னே தொங்குகிறது. முள் எங்கே நின்றது என்று பார்க்கலாம், கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம். மலையகப் பாடகர்கள் இன்று தம் பாட்டைக் கொண்டுபோய் வைக்கும் தராசு யார் கண்ணிலும் படுவதில்லை.

இசைத் தளமான ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. முந்திய 12 மாதங்களில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அந்நிறுவனம் 2024 முதல் உரிமப்பணம் தருவதில்லை, அரைப்பேர்கூட இல்லை. அந்தப் பங்கு மற்றப் பாட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை என்று கணக்கு. மாசியில் விடிய விடிய ஆடும் காமன் கூத்தில், தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சி அடி ஏற்றவே அதைவிட நேரம் போகும்.

ஆயிரத்தை எட்ட, பரிந்துரைப் பட்டியலில் ஏற வேண்டும். பட்டியலில் ஏற, முன்பே பலர் கேட்டிருக்க வேண்டும். ஒரு பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பார்த்துத்தான் இயந்திரம் பெரும்பாலும் அடுத்ததை எடுத்து வைக்கிறது. 'தமிழ்' என்ற ஒரே பெட்டிக்குள் ஹட்டன் இளைஞனின் பாட்டு சென்னைத் திரைப்பாட்டோடு முட்டி மோத வேண்டியிருக்கிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட 'டிஸ்கவரி மோட்' இன்னொரு வழியைக் காட்டுகிறது: உரிமப்பணத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் பாட்டு கூடுதலாகப் பரிந்துரைக்கப்படும். கேட்பவருக்கோ அந்தப் பாட்டின்மேல் அப்படியொரு குறிப்பும் தெரியாது.

முன்பு நிலை வேறு. மீனாட்சி அம்மை தோட்டத் தொழிலாளரின் துயரை, மக்கள் அறிந்த மெட்டுகளில் எழுதி, கோ. நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். 1940இல் நூலாகவும் வெளியிட்டார். யார் காதில் தன் பாட்டு விழ வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். இன்றைய பாடகருக்கு அந்த உரிமை இல்லை. ஏன் இல்லை என்ற விளக்கமும் கிடைப்பதில்லை.

பரிந்துரையின் முக்கிய அளவுகோல்களைத் தளங்கள் பயனாளருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம். கலைஞருக்கும் அதே விளக்கம் கிடைக்க வேண்டும். ஒரு பாட்டு எத்தனை பேர் முன் வைக்கப்பட்டது என்ற கணக்கு பாடியவரின் கைக்கு வர வேண்டும். பங்கை விட்டுக்கொடுத்து முன்னேறிய பாட்டில் அது எழுதப்பட வேண்டும். 1,000 என்ற வரம்பு நீக்கப்பட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைக்குக் காப்புத் தருகிறது. பரிந்துரை இயந்திரத்தைப் பற்றியும் பாராளுமன்றம் பேச வேண்டிய காலம் இது.

அதுவரை, வாசகர்களே, பட்டியல் தரும் பாட்டுகளோடு நின்றுவிடாதீர்கள். மலையகப் பாடகரின் பெயரைத் தட்டித் தேடி, பாட்டை முழுதாகக் கேளுங்கள்.