ஒலிபெருக்கியும் ஓமின் விதியும்

எமது மலைநாட்டு நீர் 1950ஆம் ஆண்டு முதல் இலக்சபானாவில் மின்னாகி நாட்டுக்கு ஒளி ஈந்து வருகின்றது. அம்மின்னின் இயல்பை நாம் கற்றது இக்கல்லூரியின் விஞ்ஞானக் கூடத்திலேயாம். ஓமின் விதியை எழுதிப் புள்ளி பெற்ற நாம், அதனை வாழ்க்கையிற் கைக்கொண்டோமா என்பதே ஈண்டு எமது வினா.

அற்றன் – நுவரெலியா வீதியில் ஓடும் வான்களுட் பாட்டில்லாதவை அரிது. யாம் நன்கறிந்த தோட்டத்து இளைஞர் ஒருவர், சீட்டுப் பணத்தில் தம் வானுக்கு ஒலிபெருக்கிகள் பூட்டினார். ஆடித் திருவிழாவன்று பற்றரி இறங்கிவிடவே, அருகில் நின்ற லொறியிலிருந்து கம்பி கொடுத்து வண்டியைக் கிளப்பினர். வானுக்கு உரியது 12 வோல்ற்று, லொறியினதோ 24. கணப்பொழுதில் அம்பிளிபயர் புகைந்தது. பழுதுற்ற அதன்வழிப் பாய்ந்த நேரோட்டம் ஒலிபெருக்கிச் சுருள்களையும் பொசுக்கிற்று. ஈராண்டுச் சேமிப்பு அன்றே கரியாயிற்று.

பெரிய அம்பிளிபயரே ஒலிபெருக்கியைக் கெடுக்கும் என்பர் பலர். சிறியதை அதன் வலுவுக்கு மேல் முடுக்கினும் கேடே. அப்போது ஒலியலையின் முகடு வெட்டுண்டு தட்டையாகும். உச்சி உயராதிருந்தும் சுருளிற் சேரும் வலு இருமடங்கு வரை ஏறும். மெல்லிய கம்பிச் சுருள் அவ்வெப்பத்தைத் தாங்குமோ? பாட்டுக் கரகரக்கத் தொடங்கியதும் ஒலியைக் குறைத்தல் வேண்டும். 4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைச் சமாந்தரமாகத் தொடுப்பின் தடை 2 ஓம் ஆகி, மின்னோட்டம் இருமடங்காகும். இது நம் வகுப்பறைக் கணக்கன்றோ?

பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் உருகி ஒன்று இருத்தல் வேண்டும். அறுந்த உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது, காவலனை அகற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும். கம்பி தீப்பற்றாது வண்டியிலிருப்போரின் உயிரைக் காப்பதும் அவ்வுருகியே. எஞ்சின் ஓடுகையிற் பற்றரிக் கம்பி கழன்றால் பல பத்து வோல்ற்று எழக்கூடும். மூடுபனியின் ஈரம் களிம்பேற்றும் நம் மலைகளில், பற்றரி முனைகளை அடிக்கடி துடைத்து இறுக்குதல் நன்று.

ஒலிபெருக்கியே வேண்டா என்பாரும் உளர், யாம் உடன்படோம். நாள் முழுதும் கொழுந்து பறித்துக் களைத்தோர்க்குப் பாட்டு ஓர் ஆறுதல். அதனை அறிந்து பேணுதலே வேண்டுவது.

பழைய மாணவராகிய நாம் மின்மானிகள் சிலவற்றைக் கல்லூரிக்கு வழங்கி, சனிக்கிழமைகளில் வண்டியோட்டும் இளைஞர்க்கும் விஞ்ஞானக் கூடத்தின் கதவைத் திறக்கச் செய்வோமாக. வாழ்த்துரைகள் மலரோடு நின்றுவிடும். அக்கூடத்திற் கற்றது ஓர் ஏழையின் முதலைக் காக்கும்.