எப்பாவல பொஸ்பேற்று: பழைய கணக்கை நம்பிக் கைச்சாத்திடலாமா?

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் தேயிலைச் செடிகளுக்கு இடப்படும் உரக் கலவையில் ஒரு பகுதி அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் அகழப்படும் பொஸ்பேற்றுக் கல்லாகும். நீரில் இலகுவில் கரையாத இக்கல் நெல் வயலுக்கு ஏற்றதல்ல. வயலுக்கான பொஸ்பேற்று உரத்தை நாம் இறக்குமதியே செய்து வருகின்றோம். ஆனால், மலையகத்தின் அமிலத்தன்மை கொண்ட மண்ணில் அது மெல்ல மெல்லக் கரைந்து தேயிலைக்குப் பயன்படுகின்றது. எனவே எப்பாவலையில் எவ்வளவு பொஸ்பேற்று உண்டு, அது எவ்வளவு காலத்துக்குப் போதும் என்ற வினா அப்பிரதேச விவசாயிகளுக்கு மாத்திரம் உரியதல்ல.

1971 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இப்படிவு தொடர்பாக 1990 களில் பேசப்பட்ட கணக்கு இதுதான்: நிரூபிக்கப்பட்ட இருப்பு 2 கோடியே 50 இலட்சம் மெற்றிக் தொன், ஊகிக்கப்பட்ட இருப்பு மேலும் 3 கோடியே 50 இலட்சம் மெற்றிக் தொன். அதாவது, மொத்தமாகச் சொல்லப்பட்ட 6 கோடி தொன்னில் பாதிக்கும் அதிகமானது வெறும் ஊகமேயாகும். இந்நிலையிலேயே பிரீபோர்ட் மக்மொரான் என்ற அமெரிக்க நிறுவனத்துடன் 30 வருட கால ஒப்பந்தமொன்றைச் செய்துகொள்ள அரசாங்கம் முயன்றது. அக்காலப் பகுதியில் அகழப்படவிருந்த அளவோ சுமார் 2 கோடியே 60 இலட்சம் தொன். நிரூபிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட இருப்பு முழுவதையும் ஒரே தலைமுறைக்குள் துடைத்தெடுத்துவிடும் திட்டம் அது எனலாம்.

பிரதேசவாசிகள் எழுவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனு மீது 2000 ஜூன் 2 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய அத்தீர்ப்பு, சுற்றாடல் பாதுகாப்புக்காகவும் கலாவெவ நீரை அநுராதபுரத்துக்குக் கொண்டு செல்லும் புராதன ஜய கங்கைக்கு நேரக்கூடிய ஆபத்தைக் கருத்திற் கொண்டமைக்காகவும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. ஆனால் அதன் கட்டளையிலுள்ள மற்றொரு விடயம் போதிய கவனத்தைப் பெறவில்லை. நாட்டின் பொஸ்பேற்றுப் படிவுகளின் அமைவிடம், அளவு, தரம் ஆகியவற்றைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் விரிவாக ஆராய வேண்டும். தேசிய விஞ்ஞானக் கழகத்தையும் தேசிய விஞ்ஞான மன்றத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும். ஊகிக்கப்பட்ட இருப்பை நிரூபிக்கப்பட்ட இருப்பாக மாற்றி முடிவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதுவரை எந்த ஒப்பந்தமும் செய்யலாகாது என நீதிமன்றம் பணித்தது.

இது வெறும் சட்ட நுணுக்கமல்ல. எப்பாவலையின் பொஸ்பேற்று ஒரே சீரான பாறையாக அமைந்ததன்று. காலநிலையால் சிதைவடைந்த மண்ணுக்குள் கனிமப் பளிங்குகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கலந்து கிடக்கின்றன. இத்தகைய இடத்தில் துளைகளுக்கு இடையிலான தூரம் கூடினால் கணக்குப் பிழைக்கும். கல்லின் அடர்த்தியைச் சற்றுக் கூட்டி மதித்தால்கூட இலட்சக்கணக்கான தொன் கடதாசியில் மட்டும் தோன்றிவிடும். ஆகவே, பழைய துளை மாதிரிகளைத் தேடியெடுத்து மீளப் பகுப்பாய்வு செய்வதும், பழைய துளைக்கு அருகிலேயே புதிய துளையிட்டு இரண்டையும் ஒப்பிடுவதும், மாதிரிகளைச் சுயாதீன ஆய்வுகூடங்களுக்கு அனுப்புவதும் இன்றியமையாதவை. மாணிக்கக் குழியொன்றைப் பற்றிப் பாட்டனார் சொன்ன கதையை மாத்திரம் நம்பி நமது வியாபாரிகள் எவரும் முற்பணம் கொடுப்பதில்லையே!

இச்சோதனையின் வலிமையை அதே பிரீபோர்ட் குழுமத்தின் சகோதர நிறுவனமொன்றே உலகுக்குக் காட்டியது என்பது விந்தையானது. இந்தோனேசியாவின் புசாங் பகுதியில் மாபெரும் தங்கப் படிவு இருப்பதாகக் கனடாவின் பிறி-எக்ஸ் நிறுவனம் அறிவித்திருந்தது. 1997 இல் அதன் பங்காளியாக வந்த பிரீபோர்ட், பிறி-எக்ஸின் துளைகளுக்கு அருகிலேயே தானும் துளையிட்டுப் பார்த்தது. குறிப்பிடத்தக்க அளவு தங்கம் எதுவும் கிடைக்கவில்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தமை பின்னர் அம்பலமாகியது. 2001 இல் கனடா கொண்டுவந்த விதிகளின்படி, தகைமை பெற்ற நிபுணர் ஒருவர் உறுதிப்படுத்தாத பழைய மதிப்பீட்டை நடைமுறை மதிப்பீடாக எந்த நிறுவனமும் காட்ட முடியாது. தனது பணத்தை இடுமுன் பிறர் கணக்கைச் சோதித்துப் பார்க்கும் உரிமை ஒரு கம்பனிக்கு உண்டெனில், தனது வளத்தைக் கொடுக்குமுன் அவ்வாறு செய்யும் கடமை ஓர் அரசுக்கு இல்லையா?

2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது மலையகம் பட்ட பாட்டை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. அந்நெருக்கடியை எப்பாவலையால் தீர்த்திருக்க முடியும் என்று வாதிடுவது தவறு. கொழுந்துக்கு முதலில் வேண்டியது நைதரசன். அது எப்பாவலையில் கிடையாது. ஆயினும் வெளிநாட்டுச் செலாவணி இன்றிக் கிடைக்கக்கூடிய ஒரேயொரு பொஸ்பேற்று மூலத்தின் பெறுமதியை அவ்வாண்டு உணர்த்தியது. கொழுந்தின் நிறையை வைத்தே தொழிலாளியின் நாட்கூலி தீர்மானிக்கப்படும் தோட்டங்களில், உரம் குறைந்தால் அடி விழுவது முதலில் அவர் வயிற்றில்தான்.

கடன் சுமையில் தத்தளிக்கும் நாட்டில் கனிய வளங்களை விலை பேசுவோர் மீண்டும் வரவே செய்வர். அத்தகைய யோசனை எதுவும் அமைச்சரவையின் மேசைக்கு வருமாயின், அதனுடன் துளையிடல் பதிவேடுகளும் ஆய்வுகூட முடிவுகளும் நிரூபிக்கப்பட்ட இருப்பின் புதிய கணக்கும் இணைக்கப்பட வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் அவை வெளியிடப்பட்டுப் பொதுமக்கள் கேள்வி கேட்பதற்கு அவகாசம் கொடுக்கப்பட வேண்டும். அதற்குப் பின்னரே பேனாவைக் கையில் எடுக்கலாம்.