பாலை என்பது நிலமா, நிலையா?

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தைப் பற்றி எழுதப் புகும் பலரும் 'கந்தக பூமி' என்ற சொல்லை முதல் பத்தியிலேயே வைத்துவிடுகிறார்கள். இந்த மண்ணில் கந்தகம் விளைவதில்லை. பட்டாசுக்காக வெளியிலிருந்து வருகிறது. இங்கே பரந்து கிடப்பது கரிசல். ஆண்டுச் சராசரி மழையும் ஏறக்குறைய 800 மி.மீ. இது பாலைவனத்தின் கணக்கன்று.

ஒரு பெயரால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெட்டுத்தான் இருக்கிறது. ஒரு நிலத்தை 'ஒன்றுக்கும் உதவாத முள்காடு' என்று சொல்லிப் பழகிவிட்டால், கருவேல், வெள்வேல், குடைவேல், சீமைக்கருவேல் எல்லாம் ஒரே முள்ளாகிவிடுகின்றன. முதல் மூன்றும் இம்மண்ணுக்குரியவை. நான்காவது, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

கரிசலின் புற்களும் மானாவாரிச் சோளமும் கம்பும் மழையின் முறையை நம்பி வாழ்பவை. அம்முறை குலைந்து வருகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. 2023 டிசம்பரிலோ, அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. இத்தகைய தாறுமாறான மழையிலும் தழைப்பது, ஆழ வேரோடும் சீமைக்கருவேல். ஆடுமாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு விழுந்து, அடுத்த ஈரத்தில் முளைக்கும். வெட்டினால் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். மழை தவறத் தவற உழவர் நிலத்தை விட்டு ஆலைக்குப் போகிறார். விட்ட நிலத்தை அது எடுத்துக்கொள்கிறது.

நம் மேடைகளிலோ கதை தலைகீழாகச் சொல்லப்படுகிறது. அம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிட்டதாம்! வங்கக் கடலிலிருந்து வரும் பருவமழையை ஒரு முள்மரம் மறிக்கும் என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையைத் தொடர்ந்து பொக்லைன்கள் இறங்கின. பிடுங்கிய இடத்தில் என்ன வளர்ப்பது, யார் உழுவது என்று கேட்டவர் எத்தனை பேர்? திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று என்ன? பிடுங்கிவிட்டுச் சும்மா போட்ட நிலத்தில் முதலில் எழுவது மீண்டும் அதுதான்.

பாலை தனி நிலமன்று, வேறு நிலங்கள் நலம் கெட்டு அடையும் நிலை என்னும் கருத்து சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் இருக்கிறது. தமிழ் படித்த நாமெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய கருத்துதான். நிலை என்றால் மீளும் வழியும் உண்டு. கண்மாயைத் தூர்வார வேண்டும். குடைவேலையும் வெள்வேலையும் வெட்டாமல் விட வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி உழவருக்கு ஈடு கொடுத்து நிலத்தில் நிறுத்த வேண்டும். 'கந்தக பூமி' என்று தீர்ப்பெழுதிவிட்டவர்களுக்கு இவ்வழி கண்ணில் படாது.

கரிசலைப் பற்றி எழுத விரும்புவோர் முதலில் இந்த நான்கு முள்மரங்களையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு எழுதட்டும்.